வெள்ளைச் சட்டையும் கரி மூட்டமும்

ஈரச் சேறு சூட்டில் காயும்போது எழுகிற வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை எந்நேரமும் வீசும் ஆம்பூர்ப் பக்கத்து எங்கள் ஏரிக்கரையில், அந்த வாசனை வந்தால் அம்மா கரி மூட்டம் போட்டுவிட்டாள் என்று அர்த்தம். ஏரியையே விழுங்கியிருந்த சீமைக்கருவேலத்தை, எங்கள் வாயில் அது "வேலிகாத்தான்", வெட்டி அடுக்கி, தழை பரப்பி, மேலே சேறு பூசி உள்ளே தீ வைப்பாள். சுற்றிலும் விடும் ஓட்டைகளுக்குக் "கண்" என்று பெயர். வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகும்வரை கண்ணை மூடக் கூடாது. "அதுக்கும் மூச்சு வேணும்டி, முன்னாடியே மூடுனா கட்டை வேவாது" என்பாள்.

அவள் கரியைத் தட்டினால் கிண்ணென்று ஒலிக்கும். பிரியாணி மாஸ்டர் கரீம் பாய், தம் போடும்போது தேக்சா மூடிமேல் பரப்ப வேறு யார் கரியையும் தொடமாட்டார். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் ஆறாவது படித்த வருஷம், சுதந்திர தின அணிவகுப்பில் முன்வரிசை கிடைத்தது. அதற்கு முந்தின நாள் அம்மாவும் அப்பாவும் என்னை மூட்டத்துக்குக் காவல் வைத்துவிட்டு, அணைக்கட்டு என்ற ஊருக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். என் ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்து வேலியில் காயப்போட்டேன்; காற்று திரும்பி, புகை அத்தனையும் அதன்மேல் போனது. சட்டையை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று தோன்றவில்லை, என் புத்தி அவ்வளவுதான். சேற்றை அள்ளி எல்லாக் கண்ணையும் அடைத்தேன்.

மறுநாள் நான் மிட்டாயோடு வீடு வந்தபோது அம்மா திரும்பியிருந்தாள், உள்ளே தீ செத்துக் கிடந்தது. பிரித்தால் முக்கால்வாசி கொள்ளிக்கட்டை. கரீம் பாய் சமைக்க ஒத்துக்கொண்ட நிக்காஹ் நெருங்கிவிட்டது, மறுபடி மூட்டம் போட நாளில்லை. "இன்னாம்மா இது, பேஜார் பண்ணிட்டியே?" என்றார் கரி எடுக்க வந்த பாய். "நான்தான் பாய் அவசரப்பட்டு மூடிட்டேன்" என்றாள் அம்மா. பக்கத்தில் நின்றும் நான் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு அவர் எங்களிடம் வரவேயில்லை.

போன மாதம் அம்மாவோடு ஏரிக்குப் போனேன். இப்போது இரும்பு டிரம்மில் மரத்தைக் கரியாக்கி, தூளாக்கி, உருண்டைக் கட்டிகளாக அழுத்திப் பொட்டலம் போடுகிறார்கள். நல்லதுதான், அந்தப் புகையைத் தின்று இருமியவள் என் அம்மா. அவள் ஒரு கட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து அங்கே நின்றுதான் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்டி" என்றாள். "எல்லாக் கண்ணு மேலயும் சின்னச் சின்ன வெரல் தடம் காஞ்சி கெடந்துச்சே. நீ வெள்ளச் சட்டையோட மிட்டாய நீட்டிக்கினு வந்த. இன்னா சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஏரியில் இன்று ஒரு மூட்டம்கூட இல்லை. இருந்தால், அதன் கண்மேல், அம்மா கடைசிவரை காட்டிக்கொடுக்காத அந்தத் தடத்தைப் போல ஒரு தரம் விரல் பதித்துப் பார்த்திருப்பேன்.