சட்டைப் பைக்குள் ஃபியூஸ்

அக்காவுக்குக் கரண்ட் என்றால் பயம். அதனால்தான் எலெக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தார். இதைக் கேட்டு வீட்டில் சிரிக்காதவர் மாமியார் மட்டும்தான். அவருக்குக் காது கேட்காது.

"மிக்ஸி போடவே செருப்பைத் தேடுறவளாச்சே நீ!" என்றார் கணவர்.

"அதான் இன்னும் உசுரோட இருக்கேன்."

பயிற்சி நிலையத்தில் இருப்பதிலேயே மூத்தவர் என்பதால் அங்கேயும் 'அக்கா'தான். கூடப் படித்த தைரியசாலிகள் அடிக்கடி ஷாக் வாங்குவார்கள்; விருது வாங்கியதுபோல் சொல்லித் திரிவார்கள். அக்கா ஒரு தடவைகூட வாங்கியதில்லை. "கை வச்சு வேலை செஞ்சாத்தானேக்கா அடிக்கும்" என்று பரிதாபப்பட்டார்கள்.

செய்முறைத் தேர்வு வந்தது. தேறினால் ஆஸ்பத்திரியில் வேலை தயார். தவறினால் பழையபடி தையல் மெஷின். அக்காவுக்குக் கிடைத்தது அலுவலக அறையில் உடைந்துகிடந்த பிளக் பாயின்ட். தேர்வாளர் அங்கேயே ஃபேனுக்கு அடியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

அக்கா வராந்தாவுக்குப் போய், அந்த அறையின் ஃபியூஸைப் பிடுங்கி யூனிஃபார்ம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஃபேன் நின்றது. தேர்வாளரின் புன்னகையும் நின்றது.

"என்னம்மா இது? சுவிட்சை அணைச்சிட்டுப் பார்க்கக்கூடாதா?"

"சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வந்து நிக்குமே சார்."

"கம்பியில கை படாம செய்யத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"மார்க் போடுறது நான்தான், ஞாபகம் இருக்கட்டும்."

"அதை வாங்கறதுக்கு நான் இருக்கணுமே சார்."

டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பக்கத்து அறையில் வைத்துப் பார்த்தார், அதன் விளக்கு எரிந்தது. இங்கே வைத்தார், எரியவில்லை. பிறகுதான் கவரைக் கழற்றினார். பெயின்ட் அடித்து இறுகிப்போன ஸ்குரூக்கள் இறங்கி வர நேரம் பிடித்தது. தேர்வாளர் மதிப்பெண் தாளால் விசிறிக்கொண்டார். கம்ப்யூட்டர் அணைந்துபோன கிளார்க் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"சார், கரண்ட் போடலாம்னு போனேன். ஃபியூஸையே காணோம்! எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்!"

அந்த நேரம் அக்காவின் விரல்கள் வெறும் செம்புக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தன.

தேர்வாளர் அந்த விரல்களைப் பார்த்தார். கிளார்க்கைப் பார்த்தார். விசிறுவதை நிறுத்தினார்.

"உட்காருய்யா," என்றார் கிளார்க்கிடம், சன்னமாக. "அந்தம்மா முடிக்கட்டும்."

முடிந்ததும் தாளில் எழுதினார்: தொண்ணூற்றொன்பது.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஒண்ணு எங்க போச்சு சார்?"

"வேர்வையில அழிஞ்சு போச்சும்மா. ஆஸ்பத்திரிக்கு இது தாராளம்."

"துடைச்சிட்டு எழுதுங்க சார்," என்றார் அக்கா.