பம்பரம் அக்காவும் பச்சைக் கோடும்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில், அலமாரியை இழுத்துப் போடுவதும் ஜன்னலைத் துடைப்பதுமாக ஒரு நிமிடம் உட்காராமல் திரிந்தவளைப் பார்த்து, "அண்ணி, உங்களப் பாத்தா எனக்குத் தல சுத்துது. பம்பரம் தோத்துடும்" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு கட்டட வேலைக்குப் போன இடத்திலும் எல்லாருக்கும் பம்பரம் அக்காவாகிவிட்டாள்.

கணவர் கூரைக்குக் கீழே சட்டம் கட்டி, போர்டு ஏற்றி ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். சுத்தமான கைவேலை, கொஞ்சமான பேச்சு. கூட வேலை செய்த கூட்டாளி வேறு தொழிலுக்குப் போனதும் டியூபின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் திண்டாடினார். "நான் வர்றேன்" என்று அவள் கிளம்பிவிட்டாள்.

டியூப் என்றால் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையை அவர் இந்தச் சுவரில் போட்ட குறிக்கு நேராகப் பிடிப்பார். எதிர்ச் சுவரில், மறுமுனையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே அவள் பென்சிலால் கோடு போட வேண்டும்.

"நிக்குதா?"

"ஆடுது, இருங்க."

"இப்ப?"

"நீங்க கைய ஆட்டாம இருந்தா அது நிக்கும்."

இருவருக்குள்ளும் நடந்த பேச்சில் பாதி இதுதான். தண்ணீர் அடங்கும்வரை அவளும் அடங்கி நிற்க வேண்டும். அதுதான் அவளால் முடியாத காரியம். பாதத்தில் எறும்பு ஊறுவதுபோல இருக்கும், தோள் துடிக்கும். ஒரு துணிக்கடை வேலையில், தண்ணீர் நின்றதா இல்லையா என்று பார்ப்பதற்குள் கோட்டைப் போட்டுவிட்டாள். போர்டெல்லாம் ஏற்றி முடித்த பிறகு பார்த்தால், கடையின் ஒரு மூலையில் கூரை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பிரித்து மறுபடி போட்டார்கள். திட்டு வாங்கியது அவர். தூக்கம் போனது அவளுக்கு.

"மட்டக்கோடு காட்டற லேசர் கருவி வாங்கிடலாம்ங்க. என் கைய நம்பி இனிமே வேல செய்ய வேணாம்" என்றாள் மறுநாள்.

கருவிகள் விற்கும் கடையில், சுற்றிலும் எண்ண முடியாத கோடுகளை அடிக்கும் ஒரு பெட்டியைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். கணவர் கண் விரியப் பார்த்தார்.

"இவ்ளோ கோடு எதுக்கு? நாம என்ன சர்க்கஸா நடத்தப் போறோம்?" என்றாள் அவள். "படுக்கைக் கோடு ஒண்ணு சுத்தி வரணும், செங்குத்துக் கோடு ரெண்டு வேணும். நம்ம வேலைக்கு அது போதும்."

"அப்ப சிவப்பு எடுத்துக்குங்கம்மா. பேட்டரி ரொம்ப நேரம் நிக்கும்."

"சரி, அத வாசப்பக்கமா வெச்சுக் காட்டுங்க."

வாசல் வெளிச்சத்தில் சிவப்புக் கோடு இருக்கிற இடமே தெரியவில்லை. பச்சைக் கோடு வெயிலில் மறைந்தாலும் நிழல் விழுந்த சுவரில் பளிச்சென்று தெரிந்தது. பச்சை என்று முடிவானது. கணவர் பணப்பையை எடுக்கப் போனார். அவள் விடவில்லை. முக்காலியில் கருவியை வைத்து, எதிர்ச் சுவரில் கோடு விழுந்த இடத்தைப் பென்சிலால் குறித்தாள். பிறகு கருவியை அப்படியே முதுகு காட்டும்படி திருப்பினாள். கோடு குறிக்கு மேலே ஏறி நின்றது.

"ரசமட்டம் வாங்கினா இந்த முனைய அந்தப் பக்கம் திருப்பி வெச்சுப் பாக்கறோம்ல? அதே மாதிரிதான். எப்படித் திருப்பினாலும் அதே எடத்துல விழணும். வேற பீஸ் குடுங்க."

கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பிரித்தார். அது குறி தப்பாமல் நின்றது.

கருவி வந்த பிறகுதான் அவள் யோசிக்காத ஒன்று நடந்தது. முக்காலியை நிறுத்திவிட்டால் அறை முழுக்கக் கோடு தானாக ஓடியது. அதைப் பிடிக்க யாரும் வேண்டியதில்லை. கணவர் ஒரு காலையில் டீயை ஆற்றியபடி, "நீயும் எத்தன நாளு கஷ்டப்படுவ? இனிமே வீட்ல இரு, ரெஸ்ட் எடு" என்றார். அன்போடுதான் சொன்னார்.

வீட்டில் அவள் எடுத்த ரெஸ்ட்டைக் கண்டு கீழ்வீட்டில் இருந்த நாத்தனார் பயந்துவிட்டாள். கட்டில் தெற்கிலிருந்து வடக்குக்குப் போனது, வடக்கிலிருந்து மறுபடி தெற்குக்கு வந்தது. கழுவிய பாத்திரங்களே மறுபடி கழுவப்பட்டன. நடுநடுவே கணவருக்குப் போன்.

"கருவிய எடுத்துட்டுப் போகும்போது பூட்டுப் போட்டீங்களா? உள்ள தொங்கற குண்டு ஆடிக்கிட்டே இருந்தா கெட்டுப்போயிடும்."

"போட்டேன்."

"முக்காலி கால் வழுக்காம இருக்கா?"

"இருக்கு. நீ கொஞ்சம் படேன்."

"படுத்தா கூரைதான் தெரியுது. நம்ம வீட்டுக் கூரையே கோணலா இருக்குங்க."

ஒருநாள் சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாகச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வைத்த டீ ஆடை கட்டியது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் முன்னாடி ஏணில இடிச்சு கருவி கீழ விழுந்துச்சு. எடுத்துப் பாத்தேன், நல்லாத்தான் எரியுது."

"எரியறது வேற, சரியா இருக்கறது வேற. குடுங்க இங்க."

வீட்டு நடைவழியின் ஒரு கோடியில் கருவியை வைத்து, மறுகோடிச் சுவரில் குறித்தாள், திருப்பினாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே அவளுடைய சுண்டுவிரல் தாராளமாகப் போனது. அந்த இரண்டு நாளில் அவர் ஒரு மருத்துவமனையின் நீளமான நடைவழிக் கூரைக்குச் சட்டம் கட்டி, பாதிக்குப் போர்டும் ஏற்றிவிட்டிருந்தார்.

"அவ்ளோ நீளத்துல யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கடைசியில், தனக்கே சொல்வதுபோல.

"வரிசையா லைட்டு மாட்டினா தெரியும். அதுக்கு முன்னாடி நமக்குத் தெரியும்ல? அந்தப் பக்கம் போறப்பல்லாம் என்னால அண்ணாந்து பாக்காம இருக்க முடியுமா?"

மறுநாள் காலையில் இருவருமாகப் போய் இன்ஜினியரிடம் சொன்னார்கள். அவர் வாய்க்கு வந்தபடி கத்தினார். பிறகு பெயின்ட் அடிக்கிறவர்கள் வருவதற்குள் முடித்துக் கொடுக்கச் சொன்னார். கருவி பழுது பார்க்கப் போய்விட்டதால் பரணிலிருந்து பழைய டியூப் இறங்கியது. அவள் மறுபடி எதிர்ச் சுவரில் போய் நின்றாள். தண்ணீர் ஆடியது, அடங்கியது, ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடுகூடத் தப்பவில்லை. ஆனால் முடித்து இறங்கியதும் டியூபைத் தரையில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"இந்தச் சனியன இனிமே நான் தொட மாட்டேன். வீட்லயும் உக்கார மாட்டேன்."

"பின்ன?"

"தனியா வேல எடுக்கறேன். கப்போர்டு மாட்டற வேல. உங்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். கருவிய நாள் முறை போட்டுப் பிரிச்சுக்கலாம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. "எனக்கு வேணுங்கற நாள்ல உனக்கும் வேணும்னு கேப்ப" என்றார்.

"கேப்பேன். சண்ட போடுவோம்."

அவர் சிரித்துவிட்டார்.

முதல் வேலை ஒரு பழைய மாடிவீட்டின் சமையலறை. வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மாட்டறவர் எப்ப வருவார்?" என்றாள். "நான்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே முக்காலியை விரித்தாள். கடையில் கருவியைத் திருப்பி வைத்துப் பார்த்த சோதனையை இங்கேயும் ஒருமுறை செய்தாள். மனசு கேட்காமல் இன்னொரு முறை. கோட்டைப் போட்டதும் சுவரருகே போய்ப் பார்த்தாள். சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருந்த டைல்ஸ் வரிசை, பச்சைக் கோட்டுக்குக் கீழே மெல்லச் சரிந்துகொண்டே போனது. மட்டத்துக்கு மாட்டினால் கப்போர்டுப் பெட்டிக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு பக்கம் சந்து அகலும். டைல்ஸைப் பார்த்து மாட்டினால் பார்வைக்குச் சரி, பெட்டி கோணல்.

கணவருக்குப் போன் போட்டாள். ஏணியில் இருந்தாரோ என்னவோ, எடுக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"ஏதாச்சும் பிரச்சனையாம்மா?"

"டைல்ஸ் சரிஞ்சிருக்கு. நான் கோட்டுக்குத்தான் மாட்டப் போறேன். சந்துக்கு மேல ஒரு மரப்பட்டி அடிச்சு மூடிடறேன். நம்பினா மாட்டறேன், இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க."

வீட்டுக்காரம்மா சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாட்டுங்க" என்றாள்.

மாட்டி முடிக்க நாள் முழுக்க ஆனது. பட்டியும் அடித்த பிறகு, மட்டம் சரிதானா என்று பார்க்க ஒரு இழுப்பறையைப் பாதி வெளியே இழுத்துக் கையை எடுத்தாள். அது தானாக உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவள் மூச்சை விட்டாள். அடுத்ததை இழுத்தாள், அதற்கடுத்ததையும். பையில் போன் அடித்தது.

"கூப்ட்டியா? என்ன விஷயம்?" என்றார் கணவர்.

"அது அப்பவே முடிஞ்சுபோச்சு. நாளைக்கும் கருவி எனக்கு வேணும், மாடில இன்னொரு வீட்ல கேட்டிருக்காங்க."

"நாளைக்கு என் முறை!"

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றபடியே கருவியின் பூட்டைத் திருகினாள்.