கம்பெனி கொடுத்த வாழைப்பழம்

நாரணாபுரத்தில் பதினெட்டு வருடம் பட்டாசுக்கு மருந்து அடைத்த பேச்சியம்மாளுக்கு, 2006-இல் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் வாரம் இருமுறை டயாலிசிஸ். கம்பெனியில் அவள் பார்த்த வேலைக்குப் பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி போனாள். நெஞ்சில் படிந்த மருந்துத்தூளை இறக்குமென்று கம்பெனி கொடுக்கும் வாழைப்பழத்தைச் செல்வலட்சுமி தினமும் தன் வீட்டு வாசலில் நின்று தின்பாள். பேச்சியம்மாளுக்கு வயிறு எரியும். ஒருநாள் பொறுக்காமல் கடையில் நான்கு பழம் வாங்கித் தின்றாள். கைகால் துவண்டு விழுந்தவளை அவசர டயாலிசிஸ் காப்பாற்றியது.

"பழத்துல உள்ள பொட்டாசியத்தை உங்க கிட்னி வெளியேத்தாதும்மா. இதயமே நின்னிருக்கும்," என்றார் மருத்துவர்.

"அது மருந்துத்தூளையாவது எறக்குமா சார்?"

"எறக்காது. முகமூடிதான் காப்பாத்தும்."

பேச்சியம்மாள் அருகில் நின்ற செல்வலட்சுமியை முறைத்தாள்.

"கேட்டியா? ஒத்தப் பழத்தக் குடுத்து அம்புட்டு வருசமா ஏமாத்திருக்கானுக. நாளைக்கே முகமூடி கேளு. அதுவரைக்கும் திங்கிறதுன்னா உள்ள போயித் தின்னுடீ!"