ஒரு தடவைக்கு ஒரு குறை

வண்டிப் பரிசோதனைக் கொட்டகையில் அவரைச் 'சுத்தியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளத்தில் இறங்கி, மேலே நிற்கும் வண்டியின் அடிச்சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு ஒரு மாதிரி ஒலிக்கும், துருப்பிடித்தது சொத்தென்று ஒலிக்கும். காது அவரை ஏமாற்றியதில்லை. மற்றபடி நல்ல மனிதர். தங்கை புருஷன் விஷயத்தில் மட்டும் நல்ல மனிதராக இருக்க அவருக்கு விருப்பமில்லை.

ஏன் இருக்க வேண்டும்? கொட்டுகிற மழையில் தங்கையைப் பெட்டியோடு தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தியவன் அவன். அன்றிலிருந்து அவளும் அவள் மகளும் இவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். தங்கை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து இவர்தான் கறுவிக்கொண்டிருந்தார். பல் துலக்கும்போதுகூட அவன் முகம் நினைவுக்கு வந்துவிட்டால் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்ப்பார்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் தானாகவே வந்து மாட்டினான். சாமான் ஏற்றப் பழைய வேன் ஒன்று வாங்கியிருந்தான். தகுதிச் சான்று இல்லாமல் அதைத் தொழிலுக்கு ஓட்ட முடியாது. இவரைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது.

"நல்லா இருக்கீங்களா, மச்சான்?"

"வண்டியைப் பள்ளத்து மேல நிறுத்து."

சுத்தியலோடு பள்ளத்தில் இறங்கினார். பின்பக்க விளக்கு ஒன்று எரியவில்லை. பின் டயர் மொட்டை. புகை கன்னங்கரேலென்று வந்தது. இதெல்லாம் பழைய வண்டிகளின் வழக்கமான கூத்து. பின் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாயில்தான் அவர் விரல் நின்றது. துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஓரிடத்தில் லேசான ஈரம்.

அதை எழுதினால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். மெக்கானிக் வந்து குழாயை மாற்றிவிடுவான், இவனும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவான். அவ்வளவு சுலபமாகவா விடுவது? எல்லாக் குறையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான் கொட்டகையின் வழக்கம். சுத்தியல் அன்று அந்த வழக்கத்தை விட்டார். ஒரு தடவைக்கு ஒரு குறை. நாயாய் அலையட்டும். குழாயைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம், இத்தனை நாள் தாங்கியது இன்னும் கொஞ்சம் தாங்காதா?

மேலே ஏறி வந்து, "பின் லைட்டு எரியல. போட்டுட்டு வா" என்றார்.

அடுத்த வாரம் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"டயர் மொட்டை."

"போன தடவையே சொல்லியிருக்கலாமே, மச்சான்? ஒரு நாள் பொழப்பு போகுது."

"இப்பத்தான் தேஞ்சிருக்கும்."

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தபோது இவருக்கு வயிறு குளிர்ந்தது. அன்று வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். தங்கை, "என்னண்ணா, இன்னைக்கு ஒரே குஷி?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

மூன்றாம் தடவை வேன் வந்து நின்றது. இன்று புகை என்று முடிவு செய்துகொண்டே நடந்தார். முன் கதவு திறந்தது. இரண்டு பின்னலோடு தங்கை மகள் குதித்து இறங்கினாள்.

"மாமா!"

மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பன் வந்து அவளைக் கூட்டிப்போவது வழக்கம்தான். எப்போதும் பஸ்ஸில் போவார்கள். பள்ளிக்கு விடுமுறை என்று இந்த முறை ராத்திரி அங்கேயே தங்கியிருந்தாள். வேன் வாங்கியவன் மகளைப் பஸ்ஸிலா ஏற்றுவான்? இது ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். இவருக்குத் தோன்றவில்லை.

"நேத்து மலைக்குப் போனோம், மாமா. எறங்கும்போது அப்பா மிதிச்சு மிதிச்சுத்தான் நிறுத்தினாரு. எனக்குப் பயமே இல்ல."

சுத்தியலை எடுக்காமலே பள்ளத்தில் இறங்கினார். குழாயிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே, அவர் தலைக்கு நேராக, வேனின் படியில் உட்கார்ந்து பெண் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். செருப்பு தெரிந்தது.

வெளியே வந்து, "வண்டி இங்கிருந்து ஒரு அடி நகரக் கூடாது. பிரேக் குழாய் போயிடுச்சு" என்றார்.

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் பார்வையில் கெஞ்சல் இல்லை.

"இந்தத் துரு ஒரு வாரத்துல பிடிச்சதா, மச்சான்? ரெண்டு தடவை இதே பள்ளத்துல எறங்கினீங்களே."

இவர் மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பெண் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்: மலை, பிரேக், அப்பா கேட்ட கேள்வி, மாமா பதில் சொல்லாமல் நழுவியது. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"மொதல் நாளே தெரியுமாண்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "உனக்காகத்தான்மா... அவன் உனக்குப் பண்ணின அநியாயத்துக்கு..."

"நான் கேட்டேனா?"

தங்கை மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"அன்னைக்கு மழையில என்னைத் தள்ளினாரே, அப்பக்கூட இவளை வெளிய விடல. மழை நின்னப்புறம், போர்வை சுத்தித்தான் கையில குடுத்தாரு. அவருக்கு எம்மேலதான் கோவம், இவமேல இல்ல. நீ இவளையும் சேர்த்துல்ல தள்ளிட்ட?"