மிளகாய்க் களத்தில் ஒரு பாராட்டு விழா

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. அப்போது நான் ராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பரமக்குடிக்குக் கிழக்கே, மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டிய சின்னக் கிராமம். அங்கே மிளகாய் விளையும், கருவேலம் தானாக வளரும். டென்னிஸ் விளையும் என்று யார் கண்டது?

கல்லூரி மைதானத்தின் மூலையில் யாரும் சீந்தாத ஒரு டென்னிஸ் கோர்ட் கிடந்தது. புதிதாக வந்த விளையாட்டு மேடம் அதைச் செதுக்கி உருளை போட்டுச் சரிசெய்தார். கபடி விளையாட வந்த எங்களில் நான்கு பேரைப் பிடித்து, கையில் பழைய மட்டையைத் திணித்துவிட்டார். நான் ஒருத்தி. இன்னொருத்தி பாம்பனில் படகுக்காரர் மகள். மற்ற இருவரில் ஒருத்தி பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பெண், ஒருத்தி ராமநாதபுரம் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். நாலு பேரும் முதல் மாதம் முழுக்கப் பந்து அடித்ததைவிட, வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பந்து பொறுக்கியதுதான் அதிகம்.

அப்படிப்பட்ட நாங்கள் ஒன்றரை வருடம் கழித்து, வடக்கே நடந்த அகில இந்தியக் கல்லூரிப் போட்டியில் கோப்பையை வாங்கிவிட்டோம். ஒற்றையர் ஆட்டங்கள் ஆளுக்கொன்று என்று சமமாகிவிட, நானும் பாம்பன்காரியும் ஆடிய இரட்டையர் ஆட்டத்தில்தான் முடிவு தெரிந்தது. கடைசிப் பந்தை அவள் அடித்தாள். எதிரே இருந்தவள் வலையில் போட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஊருக்கு வந்து சொல்லும்போது மட்டும், கடைசிப் பந்தை அடித்தது யார் என்பதை நான் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரியில் விழா எடுத்தார்கள், போதவில்லை. எங்கள் ஊரில் விழா நடக்க வேண்டும், என்னை "மிளகாய் பொறுக்கப் போ" என்று அதட்டியவர்கள் எல்லாம் கைதட்ட வேண்டும் என்று ஆசை. அய்யாவிடம் நச்சரித்தேன். அய்யாவுக்கும் உள்ளூர ஆசைதான். ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த எங்கள் மாமா ஒருவர், "ஏத்தா, இதுல மாவு சலிக்கலாமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஆனாலும் விழாவுக்குச் சம்மதித்துவிட்டார்கள்.

எங்கே நடத்துவது என்று பேச்சு வந்தது. மேடத்துக்கு நாலு பேரும் ஆடியும் காட்ட வேண்டும் என்று எண்ணம். பள்ளிக்கூட வாசல் முழுக்கச் சரளைக்கல். "நம்ம சிமென்ட் களம் இருக்கே" என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஊருக்கு மேற்கே பஞ்சாயத்தில் போட்டுக் கொடுத்த பெரிய களம் அது. பழுத்த மிளகாயை அங்கேதான் காயப் போடுவோம். பத்துப் பன்னிரண்டு நாள் வெயில் வேண்டும். தினமும் காலையில் பரப்பி, சாயங்காலம் குவித்து, பனி இறங்காமல் படுதாவால் மூடி வைப்பார்கள். பாதி காய்ந்த பழத்தில் தண்ணீர் பட்டுவிட்டால் தோல் வெளுத்துப் பூசணம் பிடித்துவிடும். வியாபாரி அதைக் கையால்கூடத் தொட மாட்டார். களத்துக்கு வீட்டு வாரியாக முறை உண்டு. அந்த நாட்களில் ஐந்து வீட்டுப் பழம் அங்கே கிடந்தது. நட்டநடுவில் பெரிய பங்கு, எனக்குச் சின்னம்மா முறையாகும் ஒருத்தருடையது. புருஷன் இல்லாதவர். குத்தகை நிலத்தில் ஒற்றை ஆளாகப் பாடுபட்டு எடுத்த வெள்ளாமை. அது போனால் அவருக்கு அந்த வருடம் வேறு எதுவும் இல்லை.

ஆண்கள் கூடிப் பேசி முடித்த பிறகுதான் அவருக்குச் சேதி போனது. அடிகுழாயில் என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏத்தா, நீ செயிச்சதுக்கு என் பழம் எதுக்கு எந்திரிச்சு வழி விடணும்?"

சுற்றி இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஒரே ஒரு சாயங்காலந்தான் சின்னம்மா. ஊருக்கே பெருமைல்ல?" என்றேன்.

"பெருமை நல்லதுதான். மழை கிழை வந்தா?"

"பங்குனியில ஏது மழை?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். 

விழா அன்று காலையிலேயே பழத்தையெல்லாம் களத்தின் ஓரத்தில் குவித்து, களத்தைக் கூட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டாயிற்று. பந்தல்காரர் பரமக்குடியில் திருவிழா வேலைக்குப் போய்விட்டார். கல்லூரி முதல்வரும் ஒரு அதிகாரியும் வருகிறார்கள், அவர்களை வெயிலிலா உட்கார வைப்பது? "குவியல மூடுற படுதா சும்மாத்தானே கெடக்கு" என்று சொன்னதும் நானேதான். நான்கு படுதாக்களையும் மூங்கில் நட்டு மேடைக்கு மேலே இழுத்துக் கட்டினார்கள். மிளகாய்க் குவியலுக்குச் சாக்குகள் போதும் என்று விட்டுவிட்டோம்.

விருந்தினர்கள் வந்தார்கள். களத்து விளிம்பில் ஊர்ப் பெரியவர் கும்பிட்டபடி வழிமறித்தார். "கோவிச்சுக்கிராதீக. வெள்ளாமை கெடக்குற எடம், செருப்போட ஏற மாட்டோம்." முதல்வர் சிரித்துக்கொண்டே கழற்றினார். அதிகாரி பளபளவென்று ஷூ போட்டிருந்தார். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, அவர் உட்கார்ந்து ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்றும்வரை நாதஸ்வரக்காரர் நிறுத்தாமல் வாசித்தார். நாங்கள் நால்வரும் வெறுங்காலோடு கோர்ட்டில் இறங்கினோம்.

ஐந்து நிமிடத்தில் பாதம் எரிய ஆரம்பித்தது. கூட்டித் தள்ளிய களம்தான், ஆனாலும் நாள்கணக்கில் மிளகாய் கிடந்த சிமென்ட். வெயிலும் காரமும் சேர்ந்து காலைப் பிடுங்கின. நாங்கள் இந்தக் காலை வைத்து அந்தக் காலைத் தூக்கி, அந்தக் காலை வைத்து இந்தக் காலைத் தூக்கி ஆடினோம். கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது: "பாத்தியாலே, ஒரு எடத்துல நிக்கிறாகளா பாரு! அதான் டெல்லிக்காரிகளால ஒண்ணும் செய்ய முடியல." நாங்கள் டெல்லிக்காரிகளோடு ஆடவே இல்லை. திருத்திச் சொல்லும் நிலையில் பாதம் இல்லை.

ஆட்டம் பாதியில் நின்றது. அதிகாரிக்கு நேரமாகிறதென்று எங்களை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாலை விழுந்தது, சால்வை விழுந்தது. முதல்வர் பேச எழுந்தார். மேற்கிலிருந்து காற்று கிளம்பி மிளகாய் நெடியை மேடைக்கு அள்ளிக்கொண்டு வந்தது. "இந்த மாணவிகளின்..." என்று ஆரம்பித்துத் தும்மினார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி தும்மினார். முன்வரிசையில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். மைக் பிடித்திருந்தவர், "ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள்" என்று அறிவித்தார்.

பாம்பன்காரி என் காதருகே குனிந்தாள். மேல்காற்றை அவர்கள் பக்கம் கச்சான் என்பார்கள். "ஏடி, கச்சான் காத்து. மேக்க பாரு. கால் மணி நேரந்தான், கொட்டப் போவுது."

திரும்பிப் பார்த்தேன். மேற்கே வானம் கருத்துக் கிடந்தது. குவியலுக்குப் பக்கத்தில் சின்னம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. அப்போதாவது நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் முதல்வருக்குப் பிறகு அதிகாரி என்னைப் பற்றிப் பேசப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "சும்மா இருடி, பேசிக்கிட்டு இருக்காங்கல்ல" என்று அவளை அடக்கினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

காற்றில் சாய்ந்து வந்த முதல் சொட்டு என் மாலையில் விழுந்தது. "சின்னத் தூறல்தான், யாரும் எந்திரிக்க வேணாம்" என்றார் மைக் பிடித்திருந்தவர். காற்று குவியலிலிருந்து இரண்டு சாக்குகளைத் தூக்கி எறிந்தது. ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வந்த விருந்தாளிகளின் தலைக்கு மேலிருந்து படுதாவை அவிழ்ப்பது எப்படி? யாருக்கும் கை வரவில்லை. சின்னம்மா புடவை முந்தானையை விரித்துக் குவியலின் மேல் போட்டுக் குனிந்து நின்றார். ஒரு முந்தானை எவ்வளவு மிளகாயை மூடும்?

பாம்பன்காரி எழுந்தாள். "மேடம், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மேசைமேல் ஏறினாள். படகுக்காரர் மகளுக்கு முடிச்சு அவிழ்க்கச் சொல்லித் தர வேண்டுமா? இரண்டு இழுப்பு, மூங்கிலிலிருந்து கயிறு கழன்று, முதல் படுதா முதல்வர் தலையிலேயே வந்து விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. அத்தோடு எனக்குப் புத்தி வந்தது. மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

அதன்பிறகு விழா என்று ஒன்று இல்லை. ஊரே குவியலில் விழுந்தது. காற்றில் சிதறிய பழத்தைச் சொளகால் அள்ளினோம், கையால் அள்ளினோம், சால்வையில் கட்டினோம். டவுன்காரி மேடையிலிருந்த எங்கள் வெள்ளிக் கோப்பையை எடுத்து வந்து அதிலேயே வாரி வாரிக் கொட்டினாள். அதிகாரி பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, படுதா பறக்காமலிருக்க அதன் ஒரு மூலையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேவிட்டார். தூறல் அவர் தலையை நனைத்தது. முதல்வர் இன்னொரு மூலையில். எங்கள் மேடம் விசில் ஊதி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசிக் குவியலை மூடி முடிக்கவும் மழை வலுக்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் நனைந்து நின்றோம். சின்னம்மா டவுன்காரியின் கையிலிருந்த கோப்பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இது எத்தன படி பிடிக்கும்?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, வாய்க்கு முன்னால் கையை வைத்துக் குலவை போட்டார். பக்கத்திலிருந்தவரும் போட்டார். பிறகு களத்திலிருந்த அத்தனை பெண்களும் மழைக்குள் நின்று எங்களுக்காகக் குலவையிட்டார்கள். கோயில் பொங்கலுக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கிறேன்.  பாம்பன்காரி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் களத்துக்கு ஓடினேன். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சின்னம்மா ஈரம் காய்ந்த இடமாகப் பார்த்துப் பழத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு ஓரம் மட்டும் தண்ணீர் ஏறி, ஒரு சாக்கு அளவுக்கு வீணாகியிருந்தது. மற்றதெல்லாம் தப்பித்துவிட்டது. நான் கையைப் பிசைந்துகொண்டு, "என்னாலதான் சின்னம்மா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? அந்தப் பலகையப் பிடி, அந்தப் பக்கம் தள்ளு" என்றார்.

வெயில் உச்சிக்கு வரும்வரை இருவரும் மிளகாயைப் பரப்பினோம். கை இரண்டும் நெருப்பாக எரிந்தது. இடையில் அவராகவே பேச்சுக் கொடுத்தார். வலையில் பந்து பட்டால் தப்பா, கோட்டில் விழுந்தால் சரியா, தோற்றவளுக்கு ஒன்றும் கொடுக்க மாட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "நேத்து நாங்க ஆடினது எப்படி இருந்துச்சு சின்னம்மா?" என்று கேட்டேன்.

அவர் கையை நிறுத்தாமல் சொன்னார். "நான் எங்கத்தா பாத்தேன்? பாக்கணும்னு ஆசையாத்தான் வந்தேன். ரெண்டு கண்ணும் மேகத்துமேலயே இருந்துச்சு. ஒண்ணும் பாக்கல."

அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்படியே விட எனக்கு மனமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று தோழிகளையும் ஊருக்கு வரவழைத்தேன். களம் வேண்டாம் என்று, பள்ளிக்கூட வாசலில் சரளைக்கல்லைப் பெருக்கித் தள்ளிவிட்டு, சின்னம்மாவுக்காக ஒரு செட் முழுசாக ஆடினோம். அவர் தரையில் உட்கார்ந்து, நான் தோற்ற ஒவ்வொரு பந்துக்கும் "அய்யய்யோ" என்றார். கல்லூரிக்குத் திரும்பிப் போன கோப்பையில் ரொம்ப நாள் மிளகாய் நெடி போகவில்லை. முதல்வர் அறைக்குள் போகிறவர்கள் தும்மிக்கொண்டே வெளியே வருவார்கள்.

பிறகு நானும் விளையாட்டு ஆசிரியையாகி, எத்தனையோ மேடைகளில் ஏறிவிட்டேன். சால்வைகள் பீரோ நிறைய இருக்கின்றன. ஆனால் இன்றைக்கும் எனக்காக யாராவது கைதட்டும்போது, அந்தக் கூட்டத்தில் கைதட்டாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகத்தைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.