மாலை போட்ட மாதத்துப் படிவம்

2004 ஜூலை ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது. மானாம்பதியில் ஒரு கிணற்றிலிருந்து மோட்டாரை ஏற்றும்போது பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வேதகிரி மாமா, பிறகு எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்திரண்டு.

அவர் என் அக்கா கனகாவின் கணவர். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்குச் சின்னக் கடை வைத்து எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டினார். கிணற்றில் இறங்கி மோட்டாரை ஏற்றிக் கொடுத்தால் கூலியோடு ஒரு குவார்ட்டர் பாட்டிலும் தருவது இந்தப் பக்கத்து வழக்கம். இருபது வருடமாக வாரத்தில் நாலைந்து நாள் அந்தப் பாட்டில் அவர் கைக்கு வந்தது. குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை. சாப்பிடாமல் படுத்துவிடுவார், அவ்வளவுதான்.

நான் பி.காம். படித்துவிட்டு ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாக இருக்கிறேன். எங்கள் தொழிலுக்குக் கார்த்திகையும் மார்கழியும் நல்ல மாதங்கள். குடிக்கிறவர்கள் பலர் ஐயப்பனுக்கு மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் பாட்டிலைத் தொடமாட்டார்கள். அப்போது டாக்டரிடம் கூட்டிப்போனால் வாயில் வாடை இருக்காது, கையில் நடுக்கம் இருக்காது. 'மது அருந்தும் பழக்கம் உண்டா' என்ற கேள்விக்கு நாங்களே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம்.

2003 டிசம்பரில் மாமாவுக்கும் அப்படித்தான் ஏற்பாடு செய்தேன். ஒரு லட்சத்துக்குப் பாலிசி. கேட்டது அவர்தான். மகள் பிரபாவுக்கு ஒன்பது வயது. நிலம் கிடையாது. தனக்கு ஏதாவது ஆனால் அக்காவும் பிரபாவும் என்ன செய்வார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது.

கறுப்பு வேட்டியோடு உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தக் கேள்வி வந்ததும் விரலை வைத்தார்.

"இன்னா சாமி, மாலைய போட்டுக்கினு கீறேன், பொய்யில கையெழுத்து போட சொல்றியா?"

ஊரில் ஒருத்தர்கூடக் குடிக்கிறேன் என்று எழுதுவதில்லை என்றேன்.

"அப்போ பிராந்தி கடையில முண்டிக்கினு நிக்கறவன்லாம் யாரு, வெளியூர்க்காரனா?"

அக்கா அடுப்படியில் சிரித்தாள். இன்றைக்குக் குடிக்கவில்லைதானே, அதை எழுதினால் பொய்யாகாது என்று வாதாடிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. உண்டு, குவார்ட்டர், வாரம் ஐந்து நாள், இருபது வருடம் என்று சொல்லி எழுதவைத்தார்.

'இல்லை' என்றிருந்தால் இரத்தம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். இப்போது கம்பெனி பரிசோதனை கேட்டது. முப்பது நாள் குடிக்காமல் இருந்தும் கல்லீரல் என்சைம் அளவு கூடுதலாக வந்தது. தற்போது பாலிசி தர இயலாது, ஆறு மாதம் கழித்துப் புதிய பரிசோதனையோடு விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் போட்டார்கள். மாமா மேல் எனக்குக் கோபம்தான்.

ஆனால் கன்னியப்பன் விஷயம் எனக்குத் தெரியாததல்ல. நான் 'இல்லை' என்று எழுதிக்கொடுத்த ஆள் அவர். பாலிசி எடுத்த பதினான்காம் மாதம் மஞ்சள் காமாலையில் இறந்தார். விசாரணைக்கு வந்தவர் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதில் குடிப்பழக்கம் என்று இருந்தது. பணம் வரவில்லை. கன்னியப்பனின் மனைவி எல்லம்மாள் என் வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீதான எயுதின, நைனா?"

மாமா ஜனவரியில் மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றினார். காணும் பொங்கலன்று குடித்தார். பிறகு குறைத்து, நிறுத்தியும்விட்டார். கிணற்று வேலை முடிந்ததும் பாட்டிலுக்குப் பதில் சோடா கேட்டார். மெக்கானிக் சம்சாரத்துக்குப் பயந்துவிட்டார் என்று நிலத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். சம்சாரத்துக்கு இல்லை, கம்பெனிக்கு என்பார். ஜூன் கடைசியில் எடுத்த பரிசோதனையில் எல்லா அளவும் சரியாக இருந்தது.

ஜூலை நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுப் படிவத்தை எழுதினோம். பழக்கத்தை நிறுத்தியிருந்தால் எந்தத் தேதியிலிருந்து என்று அதில் ஒரு கேள்வி. பிப்ரவரி ஒன்று என்று போடப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். மாசி மாதத்தில் ஒரு கிணற்றில் வாங்கிக் குடித்த நினைவு அவருக்கு இருந்தது, நாள் தெரியவில்லை. கேட்கலாம் என்றால், அக்கா தாமலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

"கனகாவுக்கு தெரியும், மச்சான். கேட்டு சொல்றேன். அதுக்குள்ள நீயா எதையும் போட்டுடாத."

மற்ற கட்டங்களை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடையைத் திறக்கப் போனார்.

குடித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பான் என்று சாவு வீட்டிலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அக்கா காதிலும் விழுந்தது. கம்பெனிக்குப் போய்ச் சேராத விண்ணப்பத்துக்குப் பணம் கிடையாது என்பதைப் பதினாறாம் நாள் முடிந்த பிறகு அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். கடையின் சொந்தக்காரர் சாவியைக் கேட்டிருக்கிறார் என்றும், உள்ளே கிடக்கும் மூன்று மோட்டார்களை உரியவர்களிடம் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

படிவம் என் பையில் இருக்கிறது. தேதிக்கான கட்டம் காலி. அந்த மாசி மாதத்து நாள் எது என்று அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை.