ஆறு மணி பஸ்ஸும் அரசாங்கச் சிக்கனமும்

சுந்தரம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். புருஷன் ராமர் வீட்டில் வாயே திறக்காததற்கு அதுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். நிலக்கோட்டைப் பக்கம் அவர்களுக்கு அரை ஏக்கர் மல்லிகை. விடியுமுன் மொட்டுப் பறித்து ஆறு மணி டவுன் பஸ்ஸில் ஏற்றினால்தான் நிலக்கோட்டை மார்க்கெட்டில் விலை. அதை விட்டால் வெயிலில் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை சென்ட் கம்பெனிக்காரன் கேட்கிற விலைக்குத் தள்ளவேண்டியதுதான்.

அந்த பஸ்ஸின் மேல்தான் அரசாங்கம் கை வைத்தது. வருஷா வருஷம் வரவை மீறிச் செலவு ஓடுகிறதாம். ஏதோ ஒரு வருஷத்துக் கஷ்டமில்லையாம், அடித்தளத்திலேயே ஊறிப்போன பற்றாக்குறையாம். அதைக் குறைக்கத் திட்டம் போட்ட மகராசன்களுக்கு ஊரையெல்லாம் தேடி அகப்பட்டது இந்த ஓட்டை பஸ். ஆளே ஏறுவதில்லை என்று எவனோ எழுதிவிட்டான். நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்று கண்டக்டர் பிராங்க்ளின் முந்தின நாளே சொல்லிவிட்டார்.

“ஆளா இல்ல? நாளைக்குக் காட்டுறேன்!”

வீடு வீடாகப் போய்ப் பொம்பளைகளைத் திரட்டினாள் சுந்தரம்மாள். மறுநாள் ஏற வந்த நாலைந்து ஆம்பளைகளை, “ஏலே, ஒங்களுக்குத்தேன் பைக்கு இருக்குல்ல, எடத்த அடைக்காதீங்கடா” என்று விரட்டியும் விட்டாள். பஸ் பிதுங்கிக்கொண்டு போனது. ஜெயித்த மிதப்பில் அதிகாரிக்கு ஜன்னலோர சீட்டே பிடித்துக் கொடுத்தாள்.

நிலக்கோட்டையில் இறங்கி, கண்டக்டரின் டிக்கெட் மிஷினைப் பார்த்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, பொம்பளைங்களுக்கு எல்லாமே இலவச டிக்கெட்டு. அதுக்கெல்லாம் அரசாங்கந்தான் பணம் கட்டணும். பற்றாக்குறையக் குறைக்க வந்தவன்கிட்ட அதையே ஏத்திக் காட்டுறீங்களே! திங்கக்கிழமையிலேருந்து இந்த பஸ் கிடையாது.”

சுந்தரம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடிப் பாவி, காசு கொடுக்கிறவனையெல்லாம் நானே விரட்டினேனே! அன்றைக்கு அவள் வீட்டில் ராமர்தான் பேசினார்.

திங்கட்கிழமை பஸ் வரவில்லை. வரவில்லைதானா என்று உறுதி செய்ய அதிகாரி வந்தார், தனியாக ஒரு ஜீப்பில், டிரைவரோடு. நிறுத்தத்தில் மூட்டையோடு நின்ற சுந்தரம்மாள் பின்கதவைத் திறந்தாள். மூட்டையை உள்ளே தள்ளி, தானும் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏம்மா, இது கவர்மெண்ட் வண்டி! எறங்கு!”

“நீங்க நிறுத்துன பஸ்ஸும் கவர்மெண்ட் வண்டிதேன். நிலக்கோட்டையில எறங்கிக்கிறேன். மொட்டு விரியுது அப்பு, வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”